அலை ஏன் ஒளிர்கிறது? நரம்பில்லாத உயிர் எப்படி உணர்கிறது?

கேள்வி: சென்னைக் கடற்கரையில் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்த படங்களைப் பார்த்தேன். ஒரு நுண்ணுயிர்தான் காரணம் என்கிறார்கள். கண்ணும் நரம்பும் இல்லாத ஓர் உயிருக்கு அலை வந்தது எப்படித் தெரிகிறது? அது எதற்காக ஒளிர்கிறது? மீன், கணவாய் போன்றவையும் இப்படித்தான் செய்கின்றனவா? இது கடல் கெட்டுப்போனதன் அறிகுறியா?

பதில்:

'கடல் ஒளிர்கிறது' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தக் காட்சிக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பல உயிர்கள் இருக்கின்றன. ஒன்று, தன்னைத் தொட்டதற்குப் பதிலாக ஒளிர்கிறது. இன்னொன்று, தன் இனம் போதிய அளவு கூடிவிட்டது என்று அறிந்த பிறகே ஒளிர்கிறது. மூன்றாவது, மேலிருந்து விழும் நிலவொளியை அளந்து அதற்கு ஈடாக ஒளிர்கிறது. ஒளிக்கு விலை உண்டு. ஆற்றல் செலவாகும், இருட்டில் இருக்கும் இடத்தையும் காட்டிக் கொடுத்துவிடும். அப்படியிருந்தும் இத்தனை உயிர்கள் ஒளிர்கின்றன என்றால், அந்தச் செலவுக்கு ஏற்ற வரவு இருக்க வேண்டும். எந்த ஒளியைப் பார்த்தாலும் 'இது எதற்கான பதில்?' என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் அங்கிருந்துதான் வழி திறக்கிறது.

சென்னையில் 2019 ஆகஸ்டில் திருவான்மியூர், ஈஞ்சம்பாக்கம் பக்கம் தெரிந்த நீல ஒளிக்கு நாக்டிலூக்கா என்ற ஒருசெல் உயிரைக் காரணமாகச் சொன்னார்கள். 2023 அக்டோபரிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கரைகளில் அதே போன்ற ஒளி தெரிந்தது. ஒருசெல் உயிர் என்றதும் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். நாக்டிலூக்காவின் குறுக்களவு சுமார் அரை மில்லிமீட்டர். சில இரண்டு மில்லிமீட்டர் வரைகூட வளரும். கண்ணாடிக் குவளையில் கடல்நீரை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஊறிய ஜவ்வரிசியை நுணுக்கிப் போட்டது போலக் கண்ணாடி உருண்டைகள் மிதப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். ஒவ்வோர் உருண்டையும் ஒரே ஒரு செல். அதிலிருந்து குட்டையான ஒரு விரல் நீண்டிருக்கும். இரையைப் பிடித்து வாய்ப்பக்கம் சேர்ப்பதற்கு.

அந்த உருண்டையின் பெரும்பகுதி உள்ளே நீர் நிறைந்த ஒரு குமிழ்தான். அந்த நீர் அமிலத்தன்மை உடையது. அம்மோனியம் அயனிகள் அதில் சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் செல் கடல்நீரைவிட இலேசாகி மேலே மிதக்கிறது. குமிழைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே எப்போதும் ஒரு மின்னழுத்த வேறுபாடு இருக்கும். இப்போது ஓர் அலை உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். செல்லின் ஒரு பக்கத்து நீர் வேகமாகவும் மறுபக்கத்து நீர் மெதுவாகவும் நகர்வதால் செல் இழுபட்டு வளைகிறது. அந்த வளைவைச் செல் உணர்ந்ததும் குமிழின் சவ்வில் ஒரு மின்துடிப்பு கிளம்பி முழுச் செல்லையும் சுற்றி ஓடுகிறது. துடிப்பு சென்ற இடமெல்லாம் சவ்வில் உள்ள நுண்வாயில்கள் திறக்க, குமிழின் அமிலம் சவ்வை ஒட்டியிருக்கும் மிகச் சிறு பைகளுக்குள் பாய்கிறது. லூசிஃபெரின் என்ற எரிபொருளும், அதை எரிக்கும் லூசிஃபெரேஸ் என்ற நொதியும் அந்தப் பைகளில்தான் காத்திருக்கின்றன. காரத்தன்மை உள்ள சூழலில் நொதி செயலற்றுக் கிடக்கும். அமிலம் வந்து சேர்ந்ததும் விழித்துக்கொண்டு, ஆக்சிஜனைக் கொண்டு லூசிஃபெரினை எரிக்கும். நீல ஒளி வெடிக்கும். தொட்டதிலிருந்து ஒளி கிளம்புவதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். ஒளியும் பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் அணைந்துவிடும்.

ஆக, 'நரம்பில்லாத உயிர் எப்படி உணர்கிறது' என்ற கேள்விக்கு, நரம்பு செய்கிற வேலையை அந்த ஒரே செல்லின் சவ்வு செய்கிறது என்பதுதான் பதில். நம் நரம்பில் ஓடும் மின்துடிப்பும் சவ்வின் இரு பக்க மின்னழுத்தம் சட்டென்று மாறி, அயனி வாயில்கள் திறப்பதால் வருவதுதான். நாக்டிலூக்காவின் ஒளிக்கு முன்னால் ஒரு மின்துடிப்பு வருவதை ரோஜர் எக்கர்ட் 1965இல் அளந்து காட்டினார். 1972இல் ஃபோகல், ஹேஸ்டிங்ஸ் என்ற இருவர், மின்னழுத்தத்துக்கு ஏற்பத் திறந்து அமில அயனிகளை மட்டும் உள்ளே விடும் ஒரு வாயில் இந்தச் செல்லில் இருந்தே ஆக வேண்டும் என்று கணித்தார்கள். அத்தகைய வாயிலை அதுவரை எந்த உயிரிலும் யாரும் பார்த்ததில்லை. பத்தாண்டு கழித்து நத்தையின் நரம்புச் செல்லில் அது அகப்பட்டது. பிறகு மனிதரின் வெள்ளை அணுக்களிலும் அகப்பட்டது. கிருமியைக் கொல்லும் வேலையில் அவை அதைப் பயன்படுத்துகின்றன. டைனோஃபிளாஜெல்லேட் என்ற, நாக்டிலூக்காவும் அடங்கிய பெருங்குழுவில் அந்த வாயிலுக்கான மரபணு 2011இல்தான் உறுதியானது. கடலின் ஒளியை உற்றுப் பார்த்ததால் நம் இரத்தத்தில் இருக்கும் ஒரு பொறிமுறைக்கு முன்கூட்டியே தடயம் கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெரும் மகிழ்ச்சி உண்டாகிறது.

எதற்காக இந்த வெடிப்பு? அலைக்குப் பதில் சொல்வது அதன் நோக்கமல்ல. அமைதியான கடலில் இயல்பாக இருக்கும் நீரோட்டம் இந்தச் செல்களைத் தூண்டப் போதாது. அவற்றின் உணர்திறன் அதற்கு மேலே வைக்கப்பட்டிருக்கிறது. உடையும் அலை, படகின் சுக்கான், நீந்தும் மீன், கோப்பிபாட் என்ற சிறு ஓட்டுடலியின் கால் அசைவு ஆகியவைதான் அந்த எல்லையைத் தாண்டும். இவற்றில் உயிருக்கு உலை வைப்பது கோப்பிபாட். டைனோஃபிளாஜெல்லேட்டுகளைத் தின்று வாழும் உயிர் அது. அது நெருங்கிப் பிடிக்கும்போது செல் பளிச்சென்று ஒளிர்ந்தால் இரண்டு நன்மைகள். கோப்பிபாட் திடுக்கிட்டு விலகிப் பாய்கிறது. விலகாவிட்டால், அந்த ஒளி கோப்பிபாட்டின் இருப்பிடத்தை அதைத் தின்னும் மீனுக்குக் காட்டிக் கொடுக்கிறது. 1943இல் பர்கன்ரோட் என்பவர் முன்வைத்த கருத்து இது. பிற்காலத்தில் தொட்டிகளில் சோதித்தார்கள். ஒளிரும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் உள்ள நீரில் மீன்கள் கூடுதலான கோப்பிபாட்களைப் பிடித்துத் தின்றன.

இதற்குப் பின் தெரியவந்தது இன்னும் வியப்பானது. கோப்பிபாட்களின் உடலிலிருந்து ஒருவகைக் கொழுப்புப் பொருள் நீரில் கசிகிறது. அந்தப் பொருளின் மிக மிகச் சிறிய அளவை நீரில் கலந்தாலே, லிங்குலோடினியம் போன்ற டைனோஃபிளாஜெல்லேட்டுகள் கூடுதலாக ஒளிரத் தயாராகிவிடுகின்றன என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அவற்றின் உறவான அலெக்ஸாண்ட்ரியம் அதே வாசனையை உணர்ந்ததும் நஞ்சைக் கூட்டிக்கொள்கிறது. அதாவது, எதிரி தொடுவதற்கு முன்பே, எதிரி அருகில் இருக்கிறான் என்ற வாசனையை வைத்தே, இந்தச் செல்கள் ஆயத்தமாகின்றன. மூளை இல்லாத ஓர் உயிர் ஆபத்தின் அளவை எடைபோடுகிறது என்று சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

லிங்குலோடினியத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பகலில் அதைக் குலுக்கினாலும் ஏறக்குறைய ஒளிராது. சூரிய வெளிச்சத்தில் ஒளிர்ந்து பயனென்ன? ஒவ்வொரு விடியலிலும் அது தன் ஒளிப்பைகளையும் நொதியையும் கலைத்துவிட்டு, அந்தி சாய்ந்ததும் மறுபடி உருவாக்குகிறது. பகலில் அதே செல் ஒளிச்சேர்க்கை செய்கிறது. 1950களின் பிற்பகுதியில் பியாட்ரிஸ் ஸ்வீனியும் ஹேஸ்டிங்ஸும் இதை ஆய்வுக்கூடத்தில் பகலிரவு இல்லாத ஒரே மங்கல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். வெளியே எந்தக் குறிப்பும் இல்லாதபோதும் ஏறக்குறைய 24 மணிக்கு ஒருமுறை ஒளி ஏறி இறங்குவது நாள்கணக்கில் தொடர்ந்தது. நீரின் வெப்பத்தை மாற்றினாலும் அந்தக் கடிகாரம் பெரிதாகப் பிசகவில்லை. சூழலுக்குப் பதில் சொல்வது ஒருபுறம். வரப்போகும் சூழலை முன்கூட்டி எதிர்பார்ப்பது மறுபுறம். இரண்டையும் ஒரே செல் செய்கிறது.

இனி பாக்டீரியாவுக்கு வருவோம். அலையில் பளிச்சிடும் ஒளிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒளிரும் பாக்டீரியா தொட்டால் பளிச்சிடாது. தொடர்ந்து, சீராக, மங்கலாக ஒளிரும். இரவில் பாத்திரத்தில் விட்டுவைத்த பச்சை மீன் இருட்டில் நீலப்பச்சையாக மினுங்குவதைக் கடலோர வீடுகளில் பார்த்தவர்கள் உண்டு. அது மீனின் மேல் வளரும் பாக்டீரியாவின் ஒளி. 17ஆம் நூற்றாண்டில் இராபர்ட் பாயில் ஒளிரும் மீனைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தபோது ஒளி மங்கியது. காற்றை விட்டதும் திரும்பியது. ஆக்சிஜன் என்ற பொருளையே யாரும் அறியாத காலம் அது.

பாக்டீரியா எதற்குப் பதில் சொல்கிறது என்பது 1970இல் தெளிவாகத் தொடங்கியது. விப்ரியோ ஃபிஷரி என்ற கடல் பாக்டீரியாவைக் குடுவையில் வளர்த்தால், முதலில் சில மணி நேரம் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும், ஒளி மட்டும் வராது. ஒரு கட்டத்தில் திடீரென ஒளி ஏறும். நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் இதன் காரணத்தைத் தேடினார்கள். பாக்டீரியாக்கள் ஒரு சிறு வேதிப்பொருளை இடைவிடாமல் நீரில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. தனித்திருக்கும்போது அது கரைந்து விலகிப்போகும். நெருக்கமாகக் கூடும்போது அதன் செறிவு ஏறி, திரும்ப அவற்றின் உடலுக்குள்ளேயே புகுந்து, ஒளிக்கான மரபணுக்களைத் திறந்துவிடும். அதே மரபணுத் தொகுதியில்தான் அந்தப் பொருளைத் தயாரிக்கும் மரபணுவும் இருப்பதால், ஒருமுறை தொடங்கினால் வேகமெடுக்கும். அந்த மூலக்கூறு எது என்பது 1981இல் கண்டறியப்பட்டது. 1994இல் இந்தப் பண்புக்குக் 'கோரம் உணர்தல்', அதாவது போதிய கூட்டம் சேர்ந்ததை உணர்தல், என்று பெயர் சூட்டினார்கள். அதன்பின் நூற்றுக்கணக்கான பாக்டீரியாக்களில் இது காணப்பட்டுவிட்டது. காலரா கிருமி நம் குடலில் எப்போது ஒட்டிக்கொள்வது, எப்போது பிரிந்துபோவது என்று முடிவு செய்வதும் இதே வழியில்தான்.

தனி பாக்டீரியா ஒளிர்ந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. கோடிக்கணக்கில் ஒன்றாக ஒளிர்ந்தால் தெரியும். செலவு செய்வதற்கு முன் அது பயன் தருமா என்று பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. சரி, தெரிந்து என்ன பயன்? ஒன்று, மீனின் வயிற்றுக்குள் போவது. செங்கடல் கரையில் உள்ள எய்லாட்டில் நடந்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. ஒளிரும் பாக்டீரியா ஒட்டிய துணுக்குகளைத் தின்ற மிதவை உயிரிகள் தாமும் ஒளிர ஆரம்பித்தன. இருட்டில் மீன்கள் அவற்றை எளிதாகக் கண்டு விழுங்கின. மீனின் குடலில் பாக்டீரியா சாகவில்லை; உணவு நிறைந்த அந்த இடத்தில் பெருகியது. திறந்த கடலில் பட்டினி கிடக்கும் பாக்டீரியாவுக்கு மீன்குடலைவிட நல்ல இடம் கிடைக்குமா?

இன்னொரு பயன், குடியிருக்க ஓர் உடல் கிடைப்பது. இங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை இருக்கிறது. என்னைக் கேட்டால், கடலின் உயிர்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் விதத்தை இதைவிட முழுமையாகப் படித்தறிந்த இடம் வேறில்லை.

ஹவாய்த் தீவுகளின் ஆழமற்ற மணல்வெளிகளில் பாப்டெயில் கணவாய் வாழ்கிறது. கட்டைவிரல் அளவு உடல். பகலெல்லாம் மணலுக்குள் புதைந்திருந்து இரவில் இரை தேட வெளியே வரும். நிலா இருக்கும் இரவில் அதற்கு ஓர் ஆபத்து. கீழே இருந்து பார்க்கும் எதிரிக்கு, வெளிச்சமான நீர்ப்பரப்பின் எதிரே கணவாயின் உடல் கறுப்பு நிழலாகத் தெரியும். அந்த நிழலை அழிக்கக் கணவாய் தன் அடிவயிற்றிலிருந்து கீழ்நோக்கி ஒளியை விடுகிறது. அந்த ஒளியைத் தருவது அதன் உடலில் குடியிருக்கும் விப்ரியோ ஃபிஷரி. ஒளி உறுப்பில் பின்பக்கம் கண்ணாடி போன்ற எதிரொளிப்பான், முன்பக்கம் வில்லை, பக்கவாட்டில் மைப்பை. மேலிருந்து வரும் வெளிச்சம் கூடினால் மைப்பையைச் சுருக்கிக் கூடுதல் ஒளி விடும். குறைந்தால் மைப்பையால் மறைத்துக்கொள்ளும். கண்ணில் இருக்கும் ஒளியுணரும் புரதங்கள் இந்த உறுப்பிலும் இருப்பதாக 2009இல் காட்டினார்கள். தான் எவ்வளவு ஒளி விடுகிறோம் என்பதை அந்த உறுப்பே அறிய வழி இருக்கிறது.

முட்டையிலிருந்து வெளிவரும் கணவாய்க் குஞ்சிடம் இந்த பாக்டீரியா கிடையாது. கடலிலிருந்துதான் பிடித்துக்கொள்ள வேண்டும். கடல்நீர் ஒரு மில்லிலிட்டரில் சுமார் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றில் வேண்டிய இனம் ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறாது. குஞ்சின் ஒளி உறுப்பின் இருபுறமும் நுண்மயிர்கள் நிறைந்த இரண்டு நீட்சிகள் இருக்கின்றன. மயிர்கள் அசைந்து நீரைத் தம் பக்கம் இழுக்கும். பாக்டீரியாவின் செல்சுவரிலிருந்து உதிரும் துணுக்குகள் பட்டதும் அங்கே சளி சுரக்கும். அந்தச் சளியில் விப்ரியோ ஃபிஷரி ஒட்டிக்கொள்ளும். பிறகு உறுப்பின் உள்ளிருந்து வரும் சர்க்கரையின் வாசனையைப் பிடித்து, துளைகள் வழியே நீந்திப் போகும். வழியில் மற்ற பாக்டீரியாக்களைக் கொல்லும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. இது அவற்றைத் தாங்கும். கடைசியில் உள்ளறைகளுக்குள் போய்ச் சேர்வது விரல்விட்டு எண்ணக்கூடிய சில செல்களே. ஒரே இரவில் அவை இலட்சக்கணக்கில் பெருகி ஒளிரத் தொடங்குகின்றன.

குடியேறியதும் பாக்டீரியா கணவாயின் உடலையே மாற்றத் தொடங்குகிறது. அந்த இரண்டு நீட்சிகளும் இனித் தேவையில்லை. பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்கு ஒன்று கொடுக்கும் சமிக்ஞையால் நான்கைந்து நாள்களில் அவை சுருங்கி மறைகின்றன. இதை மார்கரெட் மெக்ஃபால்-நகாய், எட்வர்ட் ரூபி இருவரும் அவர்களுடைய மாணவர்களும் பல ஆண்டுகள் ஆய்ந்து வெளிக்கொணர்ந்தார்கள். அந்தத் துணுக்கு வேறொரு பாக்டீரியாவில் கக்குவான் இருமல் நோயாளியின் மூச்சுக்குழாயைச் சிதைக்கும் நஞ்சு. இங்கே அதே மூலக்கூறு ஓர் உறுப்பை முதிர்ச்சி அடையச் செய்கிறது. ஒளிராதபடி மரபணுவை மாற்றிய பாக்டீரியாவை உள்ளே விட்டால், அது நெடுநாள் நிலைத்திருக்க முடியாமல் எண்ணிக்கை குறைந்துபோகிறது. வாடகை கொடுக்காதவரைக் கணவாய் வைத்துக்கொள்வதில்லை.

விடியற்காலையில் கணவாய் தன் ஒளி உறுப்பில் உள்ள பாக்டீரியாக்களில் ஏறக்குறைய 95 விழுக்காட்டை வெளியே தள்ளிவிடுகிறது. மீதமிருப்பவை பகலில் பெருகி, இருட்டுவதற்குள் மறுபடி கூட்டம் சேர்த்துவிடும். தள்ளப்பட்டவை அந்தப் பகுதிக் கடலில் கலந்து புதிய குஞ்சுகளுக்குக் கிடைக்கும். இன்னொரு கண்டுபிடிப்பு 2013இல் வந்தது. கணவாயின் ஒளி உறுப்பில் நாள்கடிகாரத்தோடு தொடர்புடைய ஒரு மரபணு, வெளியே இருக்கும் சூரிய ஒளியைவிட உள்ளே இருக்கும் பாக்டீரியாவின் ஒளிக்கு ஏற்பத்தான் ஏறி இறங்குகிறது. நிலவுக்குக் கணவாய் பதில் சொல்கிறது, கணவாய்க்கு பாக்டீரியா பதில் சொல்கிறது, பாக்டீரியாவின் ஒளிக்குக் கணவாயின் கடிகாரம் பதில் சொல்கிறது. இவற்றில் எது சூழல், எது உயிர் என்று கோடு கிழிப்பது கடினம்.

ஹவாய் தூரம் என்று நினைப்பவர்களுக்கு, இதே கூட்டு நம் சந்தையிலும் இருக்கிறது. காரல், காரப்பொடி என்று விற்கப்படும் அந்த வெள்ளி நிற மீன்கள் ஒளிரும் மீன்கள். அவற்றின் உணவுக்குழாயைச் சுற்றி வளையமாக ஓர் ஒளி உறுப்பு உண்டு. அதில் ஃபோட்டோபாக்டீரியம் வகை பாக்டீரியா குடியிருக்கிறது. அந்த ஒளி காற்றுப்பையின் வெள்ளிப்பூச்சில் பட்டுச் சிதறி, அடிவயிற்றுத் தசை வழியாகக் கீழே கசிகிறது. கணவாயைப் போலவே நிழலை மறைக்கும் உத்தி. சில இனங்களில் ஆண்மீனின் உறுப்பு பெரியது; உடலின் பக்கத்தில் ஒளி வெளியேற ஒரு தெளிவான சாளரமும் இருக்கும். துணையை அழைப்பதற்கு அதைப் பயன்படுத்துவதாகக் கருதுகிறார்கள். இந்த பாக்டீரியாக்களில் ஒரு வகைக்கு 1970இல் வைக்கப்பட்ட அறிவியல் பெயர் ஃபோட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ். இராமேசுவரத்துக்குப் போகும் வழியில் இருக்கும் நம் மண்டபம்தான் அந்தப் பெயரில் இருக்கிறது. காரல் குழம்பு வைக்கும் வீடுகளிலும் பள்ளிப் பாடங்களிலும் இது பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை.

திறந்த கடலில் பாக்டீரியா கூடி ஒளிர்வதும் உண்டு. கப்பலோட்டிகள் பல தலைமுறைகளாகச் சொல்லிவந்த 'பால்கடல்' அதுதான். அடிவானம் வரை அசைவில்லாத வெண்ணொளி. 1995 ஜனவரியில் சோமாலியக் கரைக்கு அப்பால் லிமா என்ற கப்பல் அப்படி ஒரு கடலைக் கடந்தது. அதே இரவுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னர் தேடிப் பார்த்தபோது சுமார் 15,400 சதுர கிலோமீட்டர் பரப்பு ஒளிர்ந்தது தெரிந்தது. 2019இல் ஜாவாவுக்குத் தெற்கே ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் ஒளிர்ந்தது. அவ்வழியே போன ஒரு பாய்மரப் படகினர் வாளியில் நீரை மொண்டு பார்த்தார்கள். சீராக ஒளிர்ந்த புள்ளிகள், நீரைக் கலக்கியதும் அணைந்தன. நாக்டிலூக்கா என்றால் கலக்கினால் பளிச்சிட்டிருக்கும். அந்த ஒரு வாளி நீரே இரண்டு வகை ஒளிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. 1985இல் அரபிக்கடலின் பால்கடல் ஒன்றிலிருந்து எடுத்த நீரில், பாசித் திரள்களின் மேல் வளர்ந்த விப்ரியோ ஹார்வேயி என்ற பாக்டீரியா இருந்தது.

கடைசிக் கேள்வி: இது கடல் கெட்டுப்போனதன் அறிகுறியா? ஒளிர்வதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நாக்டிலூக்கா நம் கடலுக்குப் புதிதல்ல, ஒளிர்வது அதன் இயல்பு. கவலைக்குரியது அதன் அளவு. அலை முழுக்க ஒளிர வேண்டுமானால் அந்த நீரில் அது பெருங்கூட்டமாகப் பெருகியிருக்க வேண்டும். பெருகுவதற்கு உணவு வேண்டும். ஆழத்திலிருந்து சத்துள்ள நீர் மேலேறி வருவதாலும், மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவரும் சத்துகளாலும் இயற்கையாகவே அது நடக்கும். நகரத்தின் கழிவுநீரும் வயல்களின் உரமும் அதே வேலையைச் செய்யும். ஒரே ஓர் ஒளிர்ந்த இரவை வைத்து எது காரணம் என்று தீர்ப்பு சொல்ல முடியாது. நீரை எடுத்துச் சோதித்தால்தான் சொல்லலாம்.

பெருக்கம் என்ன செய்யும் என்பதை மன்னார் வளைகுடா 2019 செப்டம்பரிலும் அக்டோபரிலும் காட்டியது. அங்கே பெருகியது நாக்டிலூக்காவின் பச்சை வகை. அதன் உடலுக்குள் ஆயிரக்கணக்கான பசும்பாசிச் செல்கள் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும். வெளிச்சத்தில் அவை உணவு தயாரித்துக் கொடுக்கும், போதாதபோது நாக்டிலூக்கா தானே வேட்டையாடும். மண்டபம், கீழக்கரைப் பக்கக் கடல் பச்சையானது. அந்தப் பெருந்திரள் செத்து அழுகியபோது நீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போனது. மீன்கள் செத்து ஒதுங்கின. சிங்கில் தீவையொட்டிய பவளங்களில் வேகமாக வளரும் அக்ரோபோரா, மான்டிபோரா, போசில்லோபோரா வகைகள் பெருமளவில் மடிந்தன. மீனாவது நீந்தி விலகலாம். பவளம் எங்கே போகும்?

அரபிக்கடலில் இது இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. குளிர்காலத்தில் அங்கே டயட்டம் என்ற பாசிகள்தான் மேலோங்கியிருக்கும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அந்த இடத்தைப் பச்சை நாக்டிலூக்கா பிடித்துக்கொண்டது. ஆக்சிஜன் குறைந்த நீர் மேலே வருவது இதற்கு ஏற்ற சூழலைத் தருகிறது என்று 2014இல் ஹெல்கா கோம்ஸ், ஜோக்கிம் கோஸ் குழுவினர் எழுதினார்கள். இமயமலைப் பகுதியில் பனி குறைந்துவருவதால் குளிர்காலக் காற்று வெப்பமும் ஈரமும் கூடி வீசுகிறது, அதனால் கடலின் மேல்நீர் குளிர்ந்து கலங்குவது குறைந்து, மேல்நீருக்கு வரும் சத்தும் குறைகிறது என்று 2020இல் அதே குழு மேலும் ஒரு காரணத்தைக் காட்டியது. ஒளிச்சேர்க்கையை மட்டும் நம்பியிருக்கும் டயட்டமுக்கு அது நட்டம். வேட்டையும் தெரிந்த நாக்டிலூக்காவுக்கு அது வாய்ப்பு. நாக்டிலூக்காவை விரும்பித் தின்பவை சொறிமீன்கள், சால்ப்கள் என்ற கூழுடல் மிதவை உயிர்கள் போன்ற சிலவே. நாம் பிடித்து உண்ணும் மீன்களின் உணவுச்சங்கிலி டயட்டம், கோப்பிபாட் வழியாக வருவது. அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி மாறினால் வலையில் விழுவதும் மாறும். மீனவர்கள் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு அரசும் ஆய்வு நிறுவனங்களும் இன்னும் வேகமாகப் பதில் தர வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

அடுத்த முறை உங்கள் ஊர்க் கரையில் அலை ஒளிர்ந்தால் தாராளமாகப் போய்ப் பாருங்கள். நிலா இல்லாத இரவும், தெருவிளக்கு எட்டாத இடமும் நல்லது. ஈரமணலில் நடந்தால் காலடியைச் சுற்றியும் ஒளி தெறிக்கலாம். நாக்டிலூக்கா மனிதருக்கு நஞ்சு தரும் உயிராக அறியப்படவில்லை. ஆனாலும் பெருக்கம் அடர்த்தியாக இருக்கும் நீரில் அம்மோனியா கூடியிருக்கும், வேறு இனங்களும் கலந்திருக்கலாம். ஆகவே நீந்துவதையும், கண்ணிலும் புண்ணிலும் அந்த நீர் படுவதையும் தவிர்த்துவிடுங்கள். மறுநாள் காலையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். நீர் பச்சையாகவோ செம்பழுப்பாகவோ இருக்கிறதா, துர்நாற்றம் வருகிறதா, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா என்று கவனித்து, இடத்தையும் நேரத்தையும் படத்தோடு அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். கரையில் செத்து ஒதுங்கிய மீனை எடுத்துச் சமைக்க வேண்டாம்.